காக்காவின் கமெராவும் மூன்று கால்களும்

சென்ற வருடம் ஓகஸ்ட் விடுமுறையில், ஹோட்டன் சமவெளியின் உலக முடிவில், காலை எட்டு மணியளவில் என் காக்காவின் கமெரா விழுந்தது. பள்ளத்துக்குள் அல்ல. அங்கே ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்கும் செங்குத்துப் பள்ளம்; அதற்குள் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். வேலிக்கு இப்பால், நாங்கள் நின்ற பாறையின் மேல்தான் விழுந்தது. லென்ஸின் முன்வளையம் நசுங்கி, உள்ளே ஏதோ கழன்று, ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

காக்கா கட்டாரில் வேலை செய்கிறார். முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்து வாங்கிய கமெரா அது. விடுமுறையில் வந்திருந்தவர் என்னை ஏசவில்லை. குனிந்து எடுத்தார், மண்ணை ஊதினார், பைக்குள் வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வேன் வெலிமடை வரும்வரை யாரும் சரியாகக் கதைக்கவில்லை. உம்மா மட்டும், “இனி அந்தச் சாமான்ல கை வைக்காத மகள்” என்றார். வாப்பா, “காத்து உன்ட ட்ரைபொட்ட மட்டுமா தள்ளின, என்ட தொப்பியயும்தான் தள்ளின” என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

அந்த ட்ரைபொட் நான் வாங்கியது. இரண்டு பெருநாள் காசைச் சேர்த்து, நாலாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்து, நானே பெட்டியைப் பார்த்துத் தெரிவு செய்தது. பெட்டியில் இரண்டு விடயங்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன: உயரம் 1.6 மீற்றர், பாரம் 600 கிராம். இவ்வளவு உயரமும் இவ்வளவு இலேசும் ஒன்றாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்த இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் பிழை என்பது எனக்கு அப்போது தெரியாது.

காக்கா திரும்பிப் போன பிறகு ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். “லென்ஸ் போனா இன்னொண்டு வாங்கலாம். ஏன் விழுந்திச்செண்டு உனக்குத் தெரியுமா?” காற்று என்றேன். “எங்களுக்குப் பக்கத்துல அந்த வெள்ளைக்காரப் பெம்புளட ட்ரைபொட்டும் அதே காத்துலதானே நிண்டிச்சு? அது ஏன் விழல்ல?” எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டது உண்மை. எங்களுக்கு மூன்று அடி தள்ளி ஒரு சுற்றுலாப் பயணி வைத்திருந்த ட்ரைபொட், அவருடைய இடுப்பளவு உயரத்தில், அசையாமல் நின்றது. அதுவும் சிறியதுதான்; அவர் அதை முதுகுப்பையின் ஓரத்தில் செருகிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். சுற்றுலா போகும்போது படமெடுக்க ஆசைப்படும் தங்கைமாருக்கும், அதற்குக் காசு கொடுக்கப்போகும் பெற்றோருக்கும் இது உதவலாம்.

ட்ரைபொட் என்பதற்குத் தமிழில் முக்காலி என்று எழுதலாம்தான். ஆனால் நான் அப்படிச் சொன்னபோது உம்மா, “அடுப்படியில ரெண்டு முக்காலி கிடக்கே, இன்னும் ஒண்டு என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டார். ஆகவே ட்ரைபொட் என்றே எழுதுகிறேன்.

முதலில், அது தேவையா? வெளிச்சமான பகலில் கையால் எடுத்தாலே போதும். கமெராவின் கதவு திறந்து மூடும் நேரம் குறைவாக இருக்கும்வரை கை நடுக்கம் படத்தில் தெரியாது. பழைய புகைப்படக்காரர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு, 200 மில்லிமீற்றர் என்றால் இருநூறில் ஒரு பங்கு, அதைவிட அதிக நேரம் திறந்திருந்தால் கையை நம்பாதே. இப்போதைய கமெராக்களில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். ஆனால் ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியின் தண்ணீர் வெண்பட்டுப்போல வழிவதாகப் படத்தில் வரவேண்டுமானால் கதவு அரைச் செக்கனாவது திறந்திருக்க வேண்டும். அரைச் செக்கன் கையை அசைக்காமல் வைத்திருக்க யாராலும் முடியாது. சூரியன் வருமுன் வானம் நிறம் மாறும் நேரம், இரவில் காலிக் கோட்டையின் வெளிச்சவீடு, நட்சத்திரங்கள் எல்லாம் இந்த வகை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டு அல்பங்களில் வாப்பா இல்லை. நுவரெலியாவில் நாங்கள், திருகோணமலையில் நாங்கள், காக்காவின் பட்டமளிப்பில் நாங்கள். எல்லாப் படங்களையும் எடுத்தவர் அவர். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே படத்தில் வரவேண்டுமென்றால் வழியால் போகிற யாரிடமாவது கமெராவைக் கொடுக்க வேண்டும். அல்லது மூன்று கால்கள் வேண்டும்.

சரி, தேவை என்றால் ஏன் இலேசானது? பாரமான ட்ரைபொட் நன்றாக நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் மூன்று கிலோவுக்கு மேல் பாரமான ஒன்று இருக்கிறது. இரும்புத் தூண்போல நிற்கும். ஆனால் விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் தவிர அது அலுமாரியை விட்டு வெளியே வந்ததே இல்லை. உலக முடிவுக்குப் போய்வரும் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். தண்ணீர், சாப்பாடு, குளிருக்கு ஒரு மேலாடை, கமெரா எல்லாவற்றையும் சுமந்து அவ்வளவு தூரம் நடக்கும் ஒரு பிள்ளை மூன்று கிலோவை மேலதிகமாகத் தூக்கமாட்டாள். ஒரு தடவை தூக்குவாள். அடுத்த தடவை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். வீட்டில் இருக்கும் ட்ரைபொட் எவ்வளவு உறுதியாக நின்றாலும் படத்துக்கு உதவாது. நடைக்குப் பொருத்தமானது ஒரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடைப்பட்டது என்பது என் அனுபவம். மடித்தால் 40 சென்ரிமீற்றர் அளவுக்குள் வந்தால் பாடசாலை முதுகுப்பைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. பாரத்தை எங்கே குறைப்பது? ஒரு ட்ரைபொட்டில் பாரம் குறைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கால்களைக் கட்டையாக்குவது. மற்றது, கால்களை மெல்லியதாக்குவது. நான் வாங்கியதைச் செய்தவர்கள் இரண்டாவது வழியில் போயிருந்தார்கள். அந்தப் பெண்மணியின் ட்ரைபொட் முதலாவது வழி. பாரத்தைக் குறைக்க உயரத்தை விட்டுக்கொடுக்கலாம். தடிப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. எனக்கு ஒரு லென்ஸ் செலவில் விளங்கிய விடயம் இதுதான்.

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்பதால் விழுந்ததன் காரணத்தைக் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் விளங்கும் கணக்குத்தான். ட்ரைபொட்டின் மூன்று அடிகளையும் கோட்டால் இணைத்தால் ஒரு சமபக்க முக்கோணி வரும். கமெராவும் கால்களும் சேர்ந்த முழுப் பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் நிலைக்குத்துக் கோடு அந்த முக்கோணிக்குள் விழும்வரை அது நிற்கும். வெளியே போனால் சரியும். என் ட்ரைபொட்டில் ஒவ்வோர் அடியும் நடுவிலிருந்து 44 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தது. 44 போதாதா என்று தோன்றும். ஆனால் அது காலின் திசையில் மட்டும். இரண்டு கால்களுக்கு இடையில் உள்ள பக்கம் நடுவிலிருந்து அதில் சரிபாதி, 22 சென்ரிமீற்றர்தான். ட்ரைபொட் ஒருபோதும் காலின் மேல் சரிவதில்லை; எப்போதும் இரண்டு கால்களுக்கு நடுவால்தான் சரியும்.

அடுத்தது மையத்தின் உயரம். லென்ஸோடு காக்காவின் கமெரா முக்கால் கிலோ. கால்கள் 600 கிராம். தாங்குவதைவிடத் தாங்கப்படுவது பாரம். போதாததற்கு நான் நடுத்தண்டையும் முழுக்க உயர்த்தியிருந்தேன். மையம் 120 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்ததென்று வைத்தால், பத்துப் பாகை சரிந்தாலே போதும், விழுந்துவிடும். அதே கமெராவை 75 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்திருந்தால் பதினாறு பாகை வரை தாங்கியிருக்கும். உயரம் கூடும்போது காற்றின் தள்ளலுக்கும் நெம்புகோல் நீளுகிறது. ஆகவே காற்றை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. அந்தப் பெண்மணி இடுப்பளவில் வைத்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்தே வைக்கும் முறையும் கிடைக்கிறது. கால்களில் ஒன்று எப்போதும் ஆபத்தான திசையைப் பார்க்க வேண்டும். நீண்ட லென்ஸ் என்றால் அதன் அடியில் ஒரு கால். காற்று என்றால் அது தள்ளும் திசையில் ஒரு கால். சரிவு என்றால் பள்ளப் பக்கம் ஒரு கால். அதை நீட்டி, மேட்டுப் பக்கக் கால்களைக் கட்டையாக்கி, நடுத்தண்டு நிலைக்குத்தாக வரும்வரை சரிசெய்ய வேண்டும். நடுத்தண்டின் அடியில் ஒரு கொளுக்கி இருந்தால் பையை அதில் மாட்டலாம், மையம் கீழே இறங்கும். ஆனால் பை அந்தரத்தில் ஆடினால் அதுவே ட்ரைபொட்டையும் ஆட்டும். பையின் அடி நிலத்தில் சற்றே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு குழாயின் சுவர்த் தடிப்பு மாறாமல் விட்டம் மட்டும் இரண்டு மடங்கானால், வளைவதற்கு அது காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. பாரமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான். ஆகவே கால் ஒரு சில மில்லிமீற்றர் பருத்தாலும் பலன் பெரிது. மலிவான ட்ரைபொட்டுகளின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். பலவற்றில் அவை முழுக் குழாயே அல்ல. ஒரு பக்கம் திறந்த தகரப் பீலி போன்றவை. கூரைப் பீலியைக் கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு இலகுவாக முறுகும் என்று தெரியும். என்னுடையதும் பீலிக் கால்தான்.

சிறிதாக மடிய வேண்டும் என்பதற்காகக் கால்களை நான்கு, ஐந்து துண்டுகளாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள். ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிட மெல்லியது. நிலத்தைத் தொடும் கடைசித் துண்டு என்ன தடிப்பென்று கடையில் பாருங்கள். உங்கள் சுண்டுவிரலைப் பக்கத்தில் வைத்து, விரலைவிட மெல்லியதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கு துண்டு எனக்குப் போதுமென்று படுகிறது. ஏற்கனவே ஐந்து துண்டுள்ள ஒன்று உங்களிடம் இருந்தால் கடைசித் துண்டை இழுக்காமலே பாவியுங்கள். உயரம் குறையும், நடுக்கமும் குறையும்.

மடிக்கும் முறையில் ஒரு நல்ல உபாயம் வந்தது 2007 இல். 1917 இல் பிரான்சில் தொடங்கப்பட்ட கிட்சோ என்னும் நிறுவனம், கால்களை மேல்நோக்கி 180 பாகை திருப்பி, தலைப்பகுதியை நடுவில் வைத்து மூடும் ஒரு ட்ரைபொட்டை விற்பனைக்கு விட்டது. குடையைத் தலைகீழாக மடிப்பதுபோல. தலையின் உயரம் கால்களுக்குள்ளே ஒளிந்துவிடுவதால் மடித்த நீளம் குறைகிறது. இன்று கடைகளில் உள்ள பெரும்பாலான பயண ட்ரைபொட்டுகள் அந்த மாதிரியைப் பின்பற்றியவைதான். மடித்த நீளத்தை விசாரிக்கும்போது தலையோடு சேர்த்தா, தலை இல்லாமலா என்று கேட்க மறக்காதீர்கள்.

உயரத்தை விசாரிக்கும்போதும் ஒரு கேள்வி இருக்கிறது. பெட்டியில் போடும் உயரம் நடுத்தண்டை முழுக்க உயர்த்தி அளந்தது. நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று கால்களின் மேல் ஒரு ஒற்றைக்கால் நிற்கிறது என்று அர்த்தம். 2019 இல் வெளிவந்த பீக் டிசைன் நிறுவனத்தின் பயண ட்ரைபொட்டை எடுத்துக்கொண்டால், தண்டை உயர்த்தினால் ஏறத்தாழ 152 சென்ரிமீற்றர், உயர்த்தாமல் 130. நீங்கள் பார்க்கவேண்டிய எண் அந்த 130. கண் மட்டத்துக்கு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கமெராவின் பின்திரையைப் பார்த்துப் படமெடுக்கும் காலம் இது. கொஞ்சம் குனிவதால் ஒன்றும் வந்துவிடாது. இடுப்பளவிலிருந்து எடுத்தால் முன்னால் உள்ள புல்லும் பாறையும் படத்துக்குள் வந்து காட்சிக்கு ஆழம் கொடுப்பதையும் பின்னால் கண்டேன்.

அதே ட்ரைபொட் அலுமினியத்திலும் வருகிறது, காபன் நாரிலும் வருகிறது. அலுமினியம் 1.56 கிலோ, காபன் 1.27 கிலோ. வித்தியாசம் முந்நூறு கிராமுக்கும் குறைவு. விலையோ ஒன்றரை மடங்கிலும் கூட. காபன் நாருக்கு வேறு நன்மைகளும் உண்டு: குளிரில் கையைச் சுடாது, அதிர்வை விரைவில் அடக்கும். ஆனால் பெற்றோரின் காசில் வாங்கும் மாணவிக்கு அலுமினியமே போதும். மிச்சக் காசை நல்ல தலைக்குக் கொடுங்கள்.

தலை என்பது கமெரா உட்காரும் பகுதி. மூன்று பிடிகளோடு மூன்று திசைக்கும் தனித்தனியாகத் திருப்பும் வகை ஒன்று; அது வீடியோவுக்கும் கட்டடங்களுக்கும் நல்லது, ஆனால் பிடிகள் பைக்குள் குத்திக்கொண்டு நிற்கும். பயணத்துக்கு உருண்டைத் தலைதான் வசதி. ஒரே ஒரு குமிழைத் திருகினால் உருண்டை இறுகும். மட்டமானவற்றில் இறுக்கிய பின்னும் கமெரா மெல்லத் தலைகுனியும். நீங்கள் ஒரு மலையுச்சியை நடுவில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் படத்தில் மலையடிவாரம்தான் இருக்கும். எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். அதை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை இல்லை. உங்கள் கமெராவின் பாரத்தைப்போல மூன்று மடங்காவது எழுதியிருந்தால் யோசிக்கலாம்.

கமெராவின் அடியில் பூட்டும் சிறிய தட்டு ஒன்று உண்டு. அது தொலைந்தால் ட்ரைபொட் வெறும் தடிதான். என் தோழி ஒருத்தி தட்டைக் கமெராவிலேயே விட்டுவிட்டு, அந்தக் கமெராவை மாமி வீட்டில் கொடுத்துவிட்டு, வேறு கமெராவோடு அறுகம்பைக்கு வந்துசேர்ந்தாள். ஆகவே வாங்கும்போதே இன்னொரு தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் பாவிக்கும் ஆர்க்கா வகைத் தட்டு என்றால் வேறு கடையிலும் தேடிக்கொள்ளலாம். நல்லவேளையாக, தட்டிலிருந்து கமெராவுக்குள் போகும் திருகாணி உலகம் முழுவதும் ஒன்றுதான்: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு இருபது புரி. எந்த நாட்டில் செய்த கமெராவும் எந்த நாட்டில் செய்த ட்ரைபொட்டில் ஏறும்.

கடையில் என்ன செய்து பார்க்கலாம்? வெட்கப்படாமல் விரித்துப் பாருங்கள். கால்களை முழுக்க நீட்டி, நடுத்தண்டை உயர்த்தாமல், தலையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கீழே அழுத்துங்கள். கால்கள் வில்லாக வளைந்தால் திரும்பி வாருங்கள். பிறகு தலையைப் பிடித்து மெல்ல இடமும் வலமும் முறுக்குங்கள். இறுக்கிய பூட்டு வழுக்குகிறதா? மூட்டில் ஆட்டம் இருக்கிறதா? உங்கள் கமெராவையே கொண்டுபோய், திரையில் தூரத்து எழுத்து ஒன்றைப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, காலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். எழுத்து ஆடி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஒன்று எண்ணி முடியுமுன் அடங்கினால் நல்லது. நான் இரண்டாவது தடவை வாங்கப் போனபோது இதையெல்லாம் செய்தேன். கடைக்காரர், “தங்கச்சி எங்க படிச்ச நீங்க?” என்று கேட்டார். பாராட்டா எரிச்சலா என்று இன்னும் விளங்கவில்லை.

கிழக்கில் இருக்கும் நமக்குக் கடற்கரை விசயமும் முக்கியம். மணலும் உப்பும் ட்ரைபொட்டுக்கு எதிரி. திருகிப் பூட்டும் கால்களில் புரிக்குள் மணல் புகுந்தால் கரகரக்கும். நெம்பிப் பூட்டும் வகையில் மணல் அவ்வளவு சிக்காது, ஆனால் நெம்பு உடைகளில் கொழுவும். எதுவானாலும், ஈர மணலில் வைக்குமுன் கடைசித் துண்டை முதலில் முழுக்க இழுத்துவிடுங்கள். அப்போது மூட்டு தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கால்களை நீட்டியபடியே நிழலில் உலரவிடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கும். பாசிக்குடாவுக்குப் போய்வந்து கழுவாமல் விட்டதால் ஒரு மூட்டு இறுகி, வாப்பா இடுக்கியோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

இவ்வளவும் கமெரா உள்ளவர்களுக்கு. கையடக்கத் தொலைபேசியில் மட்டும் படமெடுக்கும் பிள்ளைக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. தொலைபேசி ஏறத்தாழ இருநூறு கிராம்தான்; கிடுக்கி பொருத்திய ஒரு சாண் உயரச் சின்ன ட்ரைபொட்டை ஒரு மதிலின் மேலோ பாறையின் மேலோ வைத்தால் போதும். இரவுப் படம் எடுக்கும் வசதியுள்ள சில தொலைபேசிகள், தாம் அசையாமல் நிற்பதை உணர்ந்து தாமாகவே கூடிய நேரம் திறந்திருக்கும். கையில் பிடித்து எடுத்த படத்துக்கும் வைத்து எடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை பார்த்தால் பிறகு விடமாட்டீர்கள். கிடுக்கியின் றப்பர் மட்டும் நல்லதா என்று பாருங்கள்.

காசே செலவழிக்காத வழியும் உண்டு. லென்ஸ் உடைந்து புதிய ட்ரைபொட் வாங்கும்வரை எட்டு மாதங்கள் நான் அதில்தான் ஒப்பேற்றினேன். தடித்த துணியில் ஒரு பை தைத்து, அதில் ஒரு கிலோ பயறு கட்டி, மதிலில் வைத்து, அதன் மேல் கமெராவைப் புதைத்து வைத்தால் அசையாது. கமெராவைத் தொடாதே என்று சொன்ன உம்மாதான் அந்தப் பையைத் தைத்துத் தந்தார். பயணம் முடிந்து வந்து பயறை அவித்தும் சாப்பிட்டோம்.

எதில் வைத்தாலும் படமெடுக்கும் பொத்தானை விரலால் அழுத்தினால் அதுவே கமெராவை ஆட்டும். இரண்டு செக்கன் தாமதம் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால், ட்ரைபொட்டில் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்; சில லென்ஸ்களில் அது இல்லாத நடுக்கத்தைத் தேடிப் படத்தைக் கலைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ட்ரைபொட்டை விரித்தவுடன் பிள்ளைகள் சுற்றுப்புறத்தை மறந்துவிடுகிறார்கள், நானும்தான். 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் தண்டவாளத்தின் நடுவில் ட்ரைபொட் வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கோச்சி வரும் நேரத்தில் மூன்று காலையும் மடிக்க முடியாது. பாலம் அழகாகத் தெரிவது பக்கத்து மேட்டிலிருந்துதான். அங்கே வைக்கச் சொல்லுங்கள். தொல்பொருள் இடங்களிலும் நூதனசாலைகளிலும் ட்ரைபொட்டுக்கு அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுவது மரியாதை.

இறுதியில் நான் வாங்கியது ஒரு பாவித்த அலுமினிய ட்ரைபொட். பாரம் ஒன்றேகால் கிலோ, நான்கு துண்டு, முழுக் குழாய்க் கால்கள், உருண்டைத் தலை, நடுத்தண்டை உயர்த்தாமல் என் நெஞ்சளவு உயரம். காலில் இரண்டு கீறல் இருந்ததால் விலை குறைத்துத் தந்தார்கள். ரியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு பாதி, மீதி வாப்பா. காக்கா தனக்கு லென்ஸ் தானே வாங்கிக்கொண்டார், என்னிடம் ஒரு சதமும் எடுக்கவில்லை.

இம்முறை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வந்திருந்தார். பின்னேரம் எல்லாரையும் கடற்கரையில் நிறுத்திப் படமெடுக்க வேண்டுமென்று ட்ரைபொட்டை அவரே விரித்தார். விரித்துவிட்டு நடுத்தண்டை மேலே இழுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. போய் அதை இறக்கி இறுக்கிவிட்டு, காற்று தள்ளும் பக்கம் ஒரு காலைத் திருப்பிவிட்டு வந்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். கமெராவைப் பத்துச் செக்கனுக்கு வைத்துவிட்டு நான் ஓடிவந்து உம்மாவின் பக்கத்தில் நின்றேன். “பத்துச் செக்கன் எப்ப முடியும் மகள்?” என்று வாப்பா கேட்டார். அந்த நேரம் பார்த்து முடிந்துவிட்டது. படத்தில் எல்லாரும் கமெராவைப் பார்க்கிறோம். வாப்பா மட்டும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறார்.